உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள்: அலாய் வீல் பெயிண்ட் எங்கே சொதப்பியது?

வெளியில் வாங்கிப் போட்ட அலாய் வீலுக்கு வெண்கல நிறமோ, மாட் கறுப்போ, கேண்டி சிவப்போ அடித்து முடித்தாயிற்று. இரண்டு நாள் தள்ளி நின்று அழகு பார்த்தாயிற்று. மூன்றாவது வாரம் ஸ்போக் ஓரத்தில் ஒரு சில்லு எழும்பி நிற்கிறது. உடனே கை போவது மீதமிருக்கும் பெயிண்ட் டப்பாவுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்தால் புண்ணை மூடி வைத்த கதையாகிவிடும்.

அந்தச் சில்லை நகத்தால் மெல்லக் கிளப்பித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பிரைமரின் (நிறத்துக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு) சாம்பல் நிறம் தெரிந்தால், பிரைமர் உலோகத்தை விட்டுவிட்டது. பின்பக்கம் நீங்கள் அடித்த நிறமே இருந்து, வீலில் பிரைமர் அப்படியே நின்றால், நிறம் பிரைமரைப் பிடிக்கவில்லை. சில்லு நிறமில்லாமல் கண்ணாடித்தாள் போல இருந்தால் கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) மட்டும் கழன்றிருக்கிறது. வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அடியில் அலுமினியம் அரிக்கிறது. பழைய நிறமும் சேர்ந்து வந்திருந்தால் உங்கள் பூச்சில் குறையில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்த பூச்சை நம்பி அதன் மேல் அடித்திருக்கிறீர்கள்.

எந்த அடுக்கு எதை விட்டது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என் அனுபவத்தில் டப்பா பெரும்பாலும் நிரபராதி. அதைத் திறப்பதற்கு முன்னால் செய்ததிலோ, செய்யாமல் விட்டதிலோதான் தப்பு இருக்கும்.

## பிரைமரோடு சேர்ந்து தகடு தகடாக உரிகிறது

தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய அலுமினியத்தில் காற்று பட்டதுமே ஆக்சைடு படலம் உருவாகத் தொடங்கிவிடும். சாதாரண பிரைமருக்கு அதில் பிடிமானம் போதாது. வெறும் உலோகம் தெரிகிற இடத்தில் எட்ச் பிரைமர் மெல்லியதாக ஒரு கோட், அல்லது எபாக்ஸி பிரைமர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்க வேண்டாம். எட்ச் பிரைமரில் அமிலம் இருக்கிறது. பல எபாக்ஸிகளுக்கு அது ஒத்துவராது. அதே காரணத்தால் எட்ச் பிரைமர் மேல் நேராகப் பட்டியும் (பள்ளத்தை நிரப்பும் பசை) வைக்கக் கூடாது. அடியில் இருக்கும் அமிலம் பட்டியைச் சரியாக இறுகவிடாது. தேய்த்த அன்றே பிரைமர் விழ வேண்டும். இன்று தேய்த்து அடுத்த வாரம் அடிக்கலாம் என்றால் மறுபடி தேய்க்கத்தான் வேண்டும்.

அடுத்த குற்றவாளி பிரேக் தூசு. இதைச் சும்மா அழுக்கு என்று நினைத்துவிடுகிறோம். பிரேக் தட்டிலிருந்து சூடாகப் பறந்து வருகிற இரும்புத் துகள் அது. கிளியர் கோட்டிலும் உலோகத்திலும் குத்தி உட்கார்ந்துவிடும். சோப்பு போட்டுக் கழுவினால் வீல் சுத்தமானது போலத் தெரியும். காய்ந்த பிறகு உள்பக்கத்தை விரல் நுனியால் தடவுங்கள். மணல் தாளைத் தொட்டது போல நறநறக்கும். இரும்பைக் கரைக்கும் வீல் கிளீனரைத் தெளித்தால் ஊதா நிறத்தில் ஒழுகும். ஊதா வராத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்ததா என்று பார்க்க ஓர் எளிய சோதனை. சுத்தமான தண்ணீரை வீல் மேல் ஊற்றுங்கள். ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சரி. எங்காவது முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. நான் இப்போதெல்லாம் இந்தச் சோதனையைச் செய்யாமல் உப்புத்தாளையே கையில் எடுப்பதில்லை. பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால் அதை உலோகத்துக்குள் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான்.

ஸ்டீல் உல், இரும்புக் கம்பி பிரஷ் இரண்டும் அலுமினியத்துக்கு ஆகாது. விட்டுப்போகும் இரும்புத் துணுக்குகள் பூச்சுக்கு அடியில் அரிப்பைத் தொடங்கிவைக்கும். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் பக்கமே போகாதீர்கள், அது அலுமினியத்தையே தின்னும்.

டயரை ஒட்டிய வெளி விளிம்பில் மட்டும் உரிகிறதா? டயரைக் கழற்றாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்திருப்பீர்கள். விளிம்பின் மடிப்புக்குள் உப்புத்தாள் போயிருக்காது, டயரின் பிசுக்கு போயிருக்கும். கழற்றி அடிப்பதுதான் சரியான வழி. முடியாது என்றால் காற்றை இறக்கி, டயர்க் கடையில் ஓரத்தை ரிம்மிலிருந்து பிரித்துவிடச் சொல்லி, விளிம்பைத் துடைத்துத் தேய்த்து, ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவில் கெட்டி அட்டைத் துண்டுகளைச் சுற்றிலும் செருகுங்கள். பழைய சீட்டுக்கட்டு இதற்கென்றே செய்தது போல இருக்கும்.

வீல் குரோம் பூசியதாக இருந்தால் அது வேறு கதை. குரோம் கடினம், வழவழப்பு; அடியில் நிக்கல் அடுக்கு இருக்கும். ஓரிடத்தில் குரோம் ஏற்கெனவே பொக்கையாகியிருந்தால் அதன் மேல் என்ன அடித்தாலும் அதோடு சேர்ந்துதான் கழலும். முலாம் பூசுகிற பட்டறையில் ரசாயனத்தால் கழற்றிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

## நிறம் பிரைமரை விட்டது, அல்லது கிளியர் மட்டும் கழன்றது

பிரைமர் காய்ந்து பல நாள் கிடந்த பிறகு அதைத் தேய்க்காமல் நிறம் அடித்திருப்பீர்கள். 400 அல்லது 600 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்துவிட்டு மறுபடி அடியுங்கள். கிளியருக்கும் இதே கணக்குதான்: பல பேஸ் கோட்களுக்கு, அதாவது நிறக் கோட்களுக்கு, 24 மணி நேரத்துக்குள் கிளியர் விழ வேண்டும். சனிக்கிழமை நிறம், அடுத்த சனிக்கிழமை கிளியர் என்றால் தாள் போல உரிந்து வரும்.

## சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள்

அடித்த கணமே பெயிண்ட் ஒரு புள்ளியை விட்டு நாலு பக்கமும் விலகி ஓடும். நடுவில் அடி நிறம் ஒரு கண் மாதிரி முழிக்கும். இதை மீன்கண் என்பார்கள். காரணம் சிலிக்கான். எங்கிருந்து வந்தது? டயர் பாலிஷிலிருந்து.

என் முதல் செட்டில் இதில்தான் மாட்டினேன். வீலை நாலு தடவை கழுவி, தின்னரால் துடைத்து, கையுறை போட்டுத்தான் அடித்தேன். முதல் வீலில் ஏழெட்டுக் கண், இரண்டாவதில் அதைவிட அதிகம். தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தால், ஷெட்டின் மறுமூலையில் அன்று காலையில்தான் நானே வேறொரு வண்டியின் டயருக்குப் பாலிஷ் ஸ்ப்ரே அடித்திருந்தேன். அந்தப் பனி காற்றில் மிதந்து எல்லாவற்றின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. துடைத்த துணியும் பழைய பாலிஷ் துணிதான். துவைத்தால் சிலிக்கான் போய்விடும் என்ற நம்பிக்கை.

கண் விழுந்ததும் அதை நிரப்புகிறேன் என்று அங்கேயே அழுத்தி அடித்தால் பள்ளம் பெரிதாகும், சுற்றிலும் வழியும். நிறுத்திவிட்டுக் காயவிடுங்கள். 600 நம்பரால் தேய்த்து, சிலிக்கான் நீக்கும் திரவத்தை இரண்டு துணி முறையில் பயன்படுத்துங்கள்: ஒரு துணியால் ஈரமாகத் தடவி, அது உலர்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். தானாக உலரவிட்டால் கரைந்த பிசுக்கு அதே இடத்தில் திரும்பப் படியும். பிறகு முதல் கோட்டைப் பனி போல லேசாகப் போட்டு, 10–15 நிமிடம் விட்டு, அதன் மேல் அடுத்தது. கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் குழாயில் எண்ணெயும் தண்ணீரும் வருகிறதா என்று ஒரு வெள்ளைத் தாளில் காற்றை ஊதிப் பார்த்துவிடுங்கள்.

## தோல் சுருங்கியது போல மடிப்பு

இரண்டாவது கோட் போட்ட சில நிமிடத்தில் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பும். புதுக் கோட்டின் கரைப்பான் அடியில் பாதி காய்ந்திருக்கும் கோட்டைக் கடித்துவிட்டது. எனாமல் ஸ்ப்ரே கேன்களில் இது சகஜம். பல கேன்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், தவறினால் 24 அல்லது 48 மணி நேரம் கழித்துத்தான் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் இடைப்பட்ட நேரத்தில் அடித்தவர்களுக்குக் கிடைப்பது இந்தச் சுருக்கம்.

பழைய பெயிண்ட் மேல் அடித்தபோதே சுருங்கினால், அது கரைப்பானில் கரையும் வகை. முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்: உள்பக்கத்தில் தின்னர் தொட்ட துணியை அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால் அதை முழுக்கக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் எபாக்ஸியால் அடைக்க வேண்டும். சுருங்கிய இடத்துக்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை. நன்றாகக் காயவிட்டு, சுருக்கம் போகத் தேய்த்துவிட்டு, அந்தப் பகுதியைத் திரும்பத் தொடங்குங்கள்.

## ஊசி முனை அளவுக் குமிழிகள்

இதில் மூன்று வகை உண்டு. குழப்பிக்கொண்டால் வைத்தியம் மாறிப்போகும். கிளியர் கோட்டில் மட்டும் பொடிப் பொடியாக இருந்தால், கோட்டைக் கனமாகவோ அவசரமாகவோ போட்டிருக்கிறீர்கள்: மேல் தோல் காய்ந்த பிறகு அடியில் இருந்த கரைப்பான் வெடித்து வெளியே வந்திருக்கிறது. சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையரைக் காட்டியிருந்தாலும் இதுதான் பலன். சில வாரம் கழித்து, மழைக்குப் பிறகு கொப்புளமாக எழும்பி, குத்தினால் ஈரம் வந்தால் அது அடியில் சிக்கிய தண்ணீர்; பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தவர்களுக்கு இது வரும், ஏனென்றால் பட்டி தண்ணீரைக் குடிக்கும். மூன்றாவது, பவுடர் கோட்டிங் செய்த வீலில் அடுப்புக்குள்ளேயே வரும் குமிழி. வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் ஒளிந்திருந்த காற்றும் எண்ணெயும் சூட்டில் வெளியேறுகின்றன. பவுடர் தூவுவதற்கு முன்னால் வெறும் வீலை ஒருமுறை அடுப்பில் வைத்து எடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

பவுடர் பேச்சு வந்ததால் ஒன்று. வழக்கமாக அது 180–200 டிகிரி செல்சியஸில் இறுகும். வீலின் உலோகக் கலவைக்கு வலு கொடுப்பதே கணக்கான வெப்ப சிகிச்சைதான். கூடுதல் சூட்டில் நீண்ட நேரம் கிடந்தால் அந்த வலு குறையும். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்பவரிடம் வீலைக் கொடுக்காதீர்கள்.

## ஆரஞ்சுத் தோல், மூலைகளில் சொரசொரப்பு, வழிசல்

மூன்றும் ஒரே குடும்பம். தூரமாகவோ சூட்டிலோ அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று கலப்பதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் ஆகிவிடும். கிட்டத்தில் அடித்தால் வழியும். கேனுக்கு 20–25 செ.மீ. தூரம் பொருந்தும். கேன் குளிர்ந்திருந்தால் துளி பெரிதாக விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிறுத்திவையுங்கள். வெந்நீர் வேண்டாம், கேன் வெடிக்கும்.

வீலில் உள்ள தொல்லையே அதன் வடிவம்தான். கதவு போலத் தட்டையான பரப்பு கிடையாது. ஸ்போக்கின் பக்கவாட்டில் அடிக்கிறீர்கள் என்று நினைக்கும்போதே முகப்பிலும் விழுந்துகொண்டிருக்கும். அதனால் வரிசை முக்கியம். முதலில் நட் துளைகளின் உட்புறம் (நட் உட்காரும் சரிவை மறைத்துவிட்டு), பிறகு ஸ்போக் பக்கவாட்டுகள், பிறகு உட்பீப்பாய், கடைசியாக முகப்பு. வீலைப் படுக்க வைத்து, சுழலும் முக்காலியில் திருப்பித் திருப்பி அடித்தால் வழிசல் பாதியாகக் குறையும். வழிந்துவிட்டால் ஈரத்தில் கை வைக்காதீர்கள். முழுக்க இறுகிய பிறகு, கட்டையில் சுற்றிய 1000 நம்பரால் அந்த மேட்டை மட்டும் இறக்கி, 2000-க்குப் போய், பாலிஷ் போடுங்கள். மாட் பூச்சில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. தேய்த்த இடம் மினுங்கும். அந்த வீலுக்கு முழுவதும் மாட் கிளியர் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

## மெட்டாலிக்கில் திட்டுத் திட்டாக, நாலு வீலும் நாலு நிறமாக

வெண்கலம், கன்மெட்டல் அடிக்கிறவர்களின் தலைவலி இது. மெட்டாலிக் பெயிண்டில் இருக்கும் அலுமினியச் செதில்கள் எப்படிப் படுக்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறும். ஈரமாக அடித்தால் செதில்கள் அடியில் அமிழ்ந்து நிறம் கருக்கும். உலர்ந்து விழுந்தால் வெளுக்கும். ஒரே டப்பா, ஒரே கை, ஆனால் காலையில் அடித்த வீலும் மாலையில் அடித்ததும் ஒட்டாது. நானே ஒரு செட்டை இரண்டு சாயங்காலமாகப் பிரித்து அடித்து, முன் வீல் வெண்கலமாகவும் பின் வீல் பித்தளையாகவும் ஓடவிட்டிருக்கிறேன்.

நாலையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் முதல் கோட் முடித்துவிட்டு அதே வரிசையில் இரண்டாவது கோட்டுக்குப் போங்கள். கடைசிக் கோட்டைக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, பனி விழுவது போல எல்லாப் பக்கத்திலிருந்தும் தூவுங்கள். செதில்கள் சமமாகப் படுத்துத் திட்டு மறையும். இதைக் கிளியர் அடிப்பதற்கு முன்னால்தான் சரிசெய்ய முடியும்; பிறகு திரும்பவும் பேஸ் கோட்டிலிருந்து. கேனுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்டதிலிருந்து இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள், இல்லையென்றால் செதில் அடியிலேயே தங்கிவிடும். கேண்டி நிறத்தில் ஒவ்வொரு கோட்டும் ஒரு படி கருக்கும். எத்தனை கோட் என்று வீல்வாரியாகச் சுவரில் கோடு போட்டுக்கொண்டு அடியுங்கள்.

## பால் போல வெளுத்தல்

ஈரப்பதம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து அதன் மேல் பனி படிகிறது. லேசாக வெளுத்திருந்தால் வெப்பமான, உலர்ந்த நாளில் தானே தெளியலாம். இல்லையென்றால் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். வீலின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். மழை நாளில் அடிக்காமல் இருப்பது இன்னும் சுலபம்.

## பட்டி வைத்த இடம் வளையமாகத் தெரிகிறது

நடைபாதை ஓரக்கல்லில் உரசிய விளிம்பை 80 நம்பர் உப்புத்தாளால் இறக்கிப் பட்டி வைத்து, நேராக 400-க்குத் தாவியிருப்பீர்கள். அந்த 80-இன் கோடுகளில் கரைப்பான் இறங்கி வீங்கி, சில நாளில் வடிந்ததும் கோடு மேலே தெரியும். 80, 120, 180, 320 என்று படிப்படியாக ஏறுங்கள். பட்டியின் ஓரத்தை விரல் நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் தட்டினால் கண்ணுக்கும் தட்டும்.

தேய்க்கும்போது தலைமுடி போல ஒரு கோடு தெரிந்து, எவ்வளவு தேய்த்தும் போகாமல் இருந்தால் அது கீறலாக இருக்காது, விரிசலாக இருக்கலாம். அங்கே வேலையை நிறுத்துங்கள். விரிசல் விட்ட வீலுக்குப் பட்டி வைப்பது உயிரோடு விளையாடுவது.

## கிளியருக்கு அடியில் வெள்ளை நூல் ஓடுகிறது

கடைசலில் முகப்பைச் சீவிப் பளபளப்பாக்கிய வீல்களில் அதிகம் பார்க்கலாம். ஒரு கல் தெறித்த புள்ளியில் உப்பும் ஈரமும் நுழைந்து, கிளியருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் புழு மாதிரி நெளிந்து போகும். நூல் முடிகிற இடத்தோடு நிறுத்தித் தேய்த்தால் ஒரு பருவம் தாங்கும், பிறகு பக்கத்தில் முளைக்கும். முகப்பு முழுக்க உலோகம் வரை இறங்கி, எபாக்ஸியிலிருந்து கட்டுவதுதான் வழி. சீவிய தோற்றம் போய்விடுமே என்றால், ஆமாம், போய்விடும்.

## நகம் பதிகிறது, பிரேக் ஆயில் சொட்டில் பெயிண்ட் கரைகிறது

ஒற்றைக் கூறு கிளியர் அடித்திருக்கிறீர்கள். அது கரைப்பான் போனதால் காய்கிறதே தவிர, ரசாயனமாக இறுகுவதில்லை. வீலுக்கு ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) சேர்ந்த 2கே, அதாவது இரண்டு கூறு கிளியரே பொருத்தம். 2கே அடித்தும் மிருதுவாக இருந்தால் கலவை விகிதம் தப்பியிருக்கும், அல்லது அடியில் பொத்தானை அழுத்தி ஹார்ட்னரை உடைத்த கேனை, அதன் மேல் எழுதியிருக்கும் நேரம் கடந்து பயன்படுத்தியிருப்பீர்கள். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை ஆகிவிட்டால் ஆஸ்துமா வாழ்நாளுக்கும் நிற்கலாம். துணி மாஸ்க் எதற்கும் உதவாது. வெளிக்காற்றை ஊட்டும் மாஸ்க்தான் சரி. அது இல்லாதவர்கள் கிளியரை மட்டும் பெயிண்ட் பூத் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம், அதில் வெட்கம் இல்லை.

## மாட்டிய பிறகு: காற்று இறங்குகிறது, அதிர்கிறது, நட் தளர்கிறது

அழகு கெட்டால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை.

காற்று மெல்ல இறங்கினால், டயர் உட்காரும் வளையத்தில் பெயிண்ட் தடித்தோ பொடிந்தோ இருக்கிறது. அங்கே பூச்சு மெல்லியதாக, வழவழப்பாக இருக்க வேண்டும். வால்வு துளையின் ஓரத்தையும் பாருங்கள். சோப்புத் தண்ணீர் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது வீல் பேலன்ஸுக்கு ஒட்டும் எடைத் துண்டுகள். புதுப் பெயிண்ட் முழுக்க இறுகுவதற்குள் ஒட்டிய எடை பூச்சோடு பிய்ந்து பறந்திருக்கும். வெளி வீல்களில் இன்னொன்றும் உண்டு: நடுத்துளை வண்டியின் ஹப்பைவிட (வீலை மாட்டும் நடுப்பகுதி) பெரிதாக இருப்பதால் இடையில் ஒரு வளையம் போடுகிறோம். துளைக்குள் பெயிண்ட் ஏறியிருந்தால் வளையம் கோணலாக உட்காரும். சுரண்டி எடுத்துவிடுங்கள்.

நட் உட்காரும் சரிவிலும், ஹப்பைத் தொடும் பின்பக்க முகத்திலும் பெயிண்டே கூடாது. இறுக்கும்போது சரியாகத்தான் இறுகும். ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கிப் பிதுங்கும்; நசுங்கிய அளவுக்கு நட்டின் பிடி குறையும். அடித்தாயிற்று என்றால் இரண்டு இடத்தையும் உலோகம் வரை சுத்தம் செய்யுங்கள். அடுத்த செட்டுக்கு, ஸ்ப்ரே எடுப்பதற்கு முன் பழைய நட்டுகளையே துளைகளில் வைத்துவிட்டால் சரிவு தானாக மறைந்துவிடும். வண்டியின் கையேட்டிலும் வீல் தயாரிப்பாளரின் குறிப்பிலும் உள்ள டார்க் (இறுக்கும் திருகு விசை) அளவுக்கு, டார்க் ரெஞ்சால், நட்சத்திர வரிசையில் இறுக்கி, 50–100 கி.மீ. ஓடிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது மறுபடி ரெஞ்சை வைத்துப் பாருங்கள். அப்போதும் ஒரு நட் கால் சுற்று திரும்பினால் வீலைக் கழற்றி அந்தச் சரிவைப் பாருங்கள்.